செவிலியரும் மருந்துச் சீட்டு எழுதட்டும்

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரிக்கு இன்றும் திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். ஆனால் வடகரை, பண்பொழி, மேக்கரை என மலையடிவாரத்தில் சர்க்கரையோடும் ரத்த அழுத்தத்தோடும் வாழ்பவருக்குப் பெரும்பாலும் வேண்டியது பெரிய ஆஸ்பத்திரி அல்ல. மாதாமாதம் அளந்து பார்த்து, மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டுவாசலுக்கே கொண்டுவந்தது, நல்ல காரியம். ஆனால் மாத்திரையின் அளவு போதவில்லை என்று செவிலியருக்குத் தெரிந்தாலும் மாற்றி எழுத அவருக்கு உரிமை இல்லை. கூலியை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்க வர முடியாதவர் பழைய மாத்திரையையே விழுங்குவார். இல்லாவிட்டால் மெடிக்கலில் கேட்டு வாங்கிக்கொள்வார்.

சட்டம் இதற்கு இடம் தராமல் இல்லை. தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் (2019) 32ஆம் பிரிவு, ‘சமுதாய சுகாதார வழங்குநர்’ ஆரம்ப, தடுப்பு மருத்துவத்தில் குறிப்பிட்ட மருந்துகளைத் தாமே எழுதலாம் என்கிறது. இதை எதிர்த்து மருத்துவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்தத் தகுதி யாருக்கு என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை; அந்த அளவில் அவர்கள் கோபம் நியாயம். அதற்கு மருந்து, பதிவுபெற்ற செவிலியருக்கு மட்டும் என்று விதி எழுதுவதுதான். பிரிவையே முடக்கிவைப்பது அல்ல. ஏழைக்கு இரண்டாந்தர வைத்தியமா என்ற கேள்வியும் வரும். பிரிட்டனில் தகுதிபெற்ற செவிலியர் 2006 முதல் ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் எழுதுகிறார்கள், லண்டன் மாநகரத்திலும்தான். 2016இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 46 ஆய்வுகளை அலசி, ரத்த அழுத்தம், சர்க்கரைக் கட்டுப்பாடு போன்றவற்றில் மருத்துவர் அல்லாதவர் எழுதிய சீட்டும் மருத்துவர் சீட்டுக்கு ஈடான பலன் தந்ததாகக் கண்டது. அவற்றில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் நடந்தவை என்பது உண்மை. ஆனால் நோய்த்தொற்றுக்கு ஆளான பச்சிளங் குழந்தைக்குக் கிராம சுகாதார செவிலியர் ஜென்டாமைசின் ஊசி போடலாம் என்று 2014இலேயே வழிகாட்டுதல் தந்தது நம் மத்திய அரசு. அந்த ஊசிக்கு நம்பிய கையை ரத்த அழுத்த மாத்திரைக்கு நம்பக் கூடாதா?

எனக்குள்ள கவலை வேறு: சீட்டு எழுதுவதற்கான பயிற்சிக்கு யார் விண்ணப்பிப்பார்கள்? தீவிர சிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் இங்கே செவிலியர் மேற்பயிற்சிகள் உண்டு. புறநோயாளிப் பிரிவில் நீண்டகால நோய்களைப் பார்ப்பவருக்கு அப்படி ஒன்று வேண்டும். அதிலும் இடங்களை நகரத்துப் பட்டதாரிகளே நிரப்பிவிட்டால் மேக்கரைக்கு என்ன லாபம்? தொகுப்பூதியத்தில் இருப்பவர் சம்பளத்தை விட்டுப் படிக்கப் போக மாட்டார். பிரிட்டனில் பணியிடத்தின் ஒப்புதலும், மேற்பார்வைக்கு ஒப்புக்கொண்ட ஒருவரும் இருந்தால்தான் செவிலியர் சீட்டு எழுதும் படிப்பில் சேர முடியும். இங்கேயும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் பொறுப்பேற்புக் கையெழுத்து, சம்பளத்தோடு விடுப்பு, படித்தபின் அதே நிலையத்தில் பணி என மூன்றும் விண்ணப்பத்திலேயே இருக்கட்டும். செவிலியரின் சீட்டு மருந்துக்கடையில் செல்லுபடியாக மருந்து விதிகளும் திருத்தப்பட வேண்டும். ஆணையத்திடம் இதற்கான விதிமுறைகளைக் கேட்டுப் பெறும் வேலையைத் தமிழக சுகாதாரத் துறை இந்த ஆண்டே தொடங்கட்டும்.