கணக்கா? சோதிடமா?

நம் நாட்டில் ஒருவன் காசநோயால் இருமி இருமிச் செத்தால், வீட்டார் "அவன் விதி அவ்வளவுதான்" என்கிறார்கள். சோதிடன் "அட்டமத்துச் சனி" என்கிறான். பூசாரி "குலதெய்வத்துக்குக் குறை வைத்துவிட்டீர்கள்" என்கிறான். செத்தவனுக்கு நோய் கண்ட தேதி எது, ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்த தேதி எது, நடுவில் போன நாள் எத்தனை என்று கேட்பவன் மாத்திரம் ஊரில் இல்லை. விதி என்று சொல்லிவிட்டால் ஒருவரும் ஒருவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? விதியின் பேரில் புகார் எழுத முடியாது. விதியைக் கூப்பிட்டு விசாரணை வைக்கவும் முடியாது. ஆகவே வேலை செய்யாத அதிகாரிக்கும், வரி வாங்கித் தின்று ஆஸ்பத்திரி கட்டாத சர்க்காருக்கும் விதியைப் போன்ற சௌகரியமான சாமான் வேறொன்று கிடையாது.

இந்த விதியை உலகத்தில் எந்த இடத்தில் தோற்கடித்திருந்தாலும் மந்திரத்தால் தோற்கடிக்கவில்லை. எண்ணிப் பார்த்துத்தான் தோற்கடித்திருக்கிறார்கள். வெகுதூரம் போக வேண்டாம். நம் சென்னைச் சேத்துப்பட்டையே எடுத்துக்கொள்வோம். 1956-இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. காசநோயாளி என்றால் மலைக்காற்றும், பாலும் முட்டையும், மாதக்கணக்கில் படுக்கையும் உள்ள சானடோரியத்தில் கிடந்தால்தான் பிழைப்பான் என்று உலகத்துப் பெரிய டாக்டர்களெல்லாம் வேதவாக்காக நம்பியிருந்த காலம் அது. குடிசையில் பத்துப் பேரோடு கிடக்கும் கூலிக்காரன் கதி என்ன என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை.

டாக்டர் வாலஸ் பாக்சும் அவருடைய கூட்டாளிகளும் 193 நோயாளிகளை எடுத்தார்கள். இவர் பணக்காரர், இவர் நம்மவர் என்று பார்க்காமல், எந்தப் பிரிவில் யார் என்பதைக் குலுக்கல்போலத் தீர்மானித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை வீட்டிலுமே வைத்து, இருவருக்கும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் கிடந்து, மோசமான சோறு தின்றவனும் ஏறக்குறைய அந்த அளவுக்கே குணமடைந்தான். அவன் வீட்டாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. பெரிய டாக்டர்களின் வேதவாக்கு அன்றோடு போயிற்று. உலகமெங்கும் ஏழைகளுக்கு வீட்டிலேயே மருந்து என்ற ஏற்பாட்டுக்கு வழி திறந்தது. இதைச் செய்தது ஆண்டவனா? எண்ணத் தெரிந்தவனும், எண்ணினதை ஒளிக்காமல் வெளியிட்டவனும் அல்லவா செய்தார்கள்?

நிற்க. இன்றைய சங்கதிக்கு வருவோம். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். சென்னை அயப்பாக்கத்திலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிலையமும் மாநிலச் சர்க்காரும் சேர்ந்து செய்தது. நோய் கண்டவுடனே, ரத்தம் குத்தாமல், படம் பிடிக்காமல், சில சாதாரணக் கேள்விகளைப் பார்க்கிறார்கள். உயரத்துக்குத் தகுந்த எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிஷத்துக்கு மூச்சு 24-க்கு மேல் போகிறதா, ரத்தத்தில் பிராணவாயு 94-க்குக் கீழே இறங்கிவிட்டதா, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா - இவ்வளவுதான். ஆபத்தானவன் என்று தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். நர்சம்மா ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு செய்கிற காரியம். இதில் மகத்துவம் என்ன என்று கேட்பீர்கள். வருகிறவன் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று, சாகப்போகிறவன் கடைசியில் நின்ற காலம் இதனால் மாறுகிறது, அதுதான் மகத்துவம்.

2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை நோய் கண்ட சுமார் 56,000 பேருடைய கணக்கைக் கொண்டு, இன்ன நோயாளி இறக்கக்கூடிய வாய்ப்பு நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்லும் கணிப்பு முறையொன்றை அதே நிலையத்தார் செய்து, 2025-இல் ஊழியர்களின் கைபேசிச் செயலியிலேயே சேர்த்திருக்கிறார்கள். கடுமையான நோயாளி என்றால் நூற்றுக்கு 10 முதல் 50 வரை காட்டுமாம். மற்றவனுக்கு 1 முதல் 4 வரை. இந்த மாதிரி வேலைக்குத்தான் தரவு விஞ்ஞானம் என்று இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள்.

உடனே நம்மவர்களில் சிலர், "பார்த்தீர்களா, எந்திரமே ஆயுசு சொல்லுகிறது, எங்கள் சோதிடன் சொன்னால் மட்டும் மூடநம்பிக்கையா?" என்று கிளம்பக்கூடும். ஐயா, உங்கள் சோதிடன் போன வருஷம் சொன்னதில் எத்தனை பலித்தது, எத்தனை பலிக்கவில்லை என்று எழுதி வைத்திருக்கிறானா? பலிக்காவிட்டால் ஜாதகம் தப்பு, பிறந்த நேரம் தப்பு, பரிகாரத்தில் குறை என்று நழுவுவானே ஒழிய, என் சாஸ்திரம் தப்பு என்பானா? கணிப்பு முறையோ, பிழைப்பான் என்று சொல்லப்பட்டுச் செத்தவன் எத்தனை பேர், சாவான் என்று சொல்லப்பட்டுப் பிழைத்தவன் எத்தனை பேர் என்று எண்ணி, தப்பானால் திருத்துவதற்கென்றே ஏற்பட்டது.

ஆனால் இந்த எண்ணுகிற வேலையை யாராவது செய்தால்தான் அது விஞ்ஞானம். ஒருவரும் செய்யாமல், "கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டால் அதுவும் சோதிடந்தான். பஞ்சாங்கத்துக்குப் பதிலாக ஒரு கண்ணாடிப் பெட்டி. வேறு வித்தியாசம் என்ன?

வெள்ளைக்காரன் நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவில் யாருக்கு அதிகக் கவனிப்புத் தேவை என்று தீர்மானிக்க ஒரு கணிப்பு முறை உபயோகத்தில் இருந்தது. அது நோயை அளக்காமல், நோயாளிக்கு ஆன வைத்தியச் செலவை அளந்தது. கறுப்பு மக்களுக்கு வைத்தியம் கிடைப்பதே குறைவு. ஆகையால் செலவும் குறைவு. ஆகையால் எந்திரம் அவர்களை ஆரோக்கியமானவர்கள் என்று எழுதிக்கொண்டது! 2019-இல் இதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். தவறைத் திருத்தினால், கூடுதல் கவனிப்புப் பெறுவோரில் கறுப்பு மக்கள் நூற்றுக்கு 17.7-லிருந்து 46.5 ஆக உயர்வார்கள் என்றும் காட்டினார்கள். இனி நம் கண்டமங்கலத்துப் பக்கம் செங்கல் சூளையிலும் கரும்புக் கொல்லையிலும் வேலை செய்கிறவன், ஒருநாள் கூலி போய்விடுமே என்று ஆஸ்பத்திரிப் படி ஏறாமல் இருக்கிறான் என்றால், ஏட்டில் அவன் எப்படி எழுதப்பட்டிருப்பான்? நோயே இல்லாத மகாபாக்கியசாலியாக அல்லவா?

விரலில் மாட்டிப் பிராணவாயு பார்க்கும் கருவி இருக்கிறதே, அதன் சங்கதியும் இப்படித்தான். கறுத்த தோலில் அது உள்ளதைவிட அதிகமாகக் காட்டி ஆபத்தை மறைத்துவிடுகிறது, வெள்ளைத் தோலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அடிக்கடி மறைக்கிறது என்று 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். நம் காசநோய்த் திட்டத்தின் கேள்விகளில் ஒன்று அந்தக் கருவியை நம்பியிருக்கிறது. நம் விரல்கள் என்ன நிறம்? நம் விரலில் அது எவ்வளவு தூரம் சரியாகக் காட்டுகிறது என்று பார்ப்பது ஒரு டாக்டர் பட்டத்துக்குத் தகுந்த கேள்வி அல்லவா? கம்பனில் உவமை எத்தனை என்று எண்ணிப் பட்டம் வாங்குகிற நாட்டில் இதையும் ஒருவர் எண்ணட்டுமே!

கண்டமங்கலத்துக்கு மற்றொரு விசேஷமும் உண்டு. கிழக்கே போனால் புதுச்சேரி எல்லை. மேற்கே நம் ஜில்லாத் தலைநகரான விழுப்புரத்துக்குப் போகவேண்டுமானாலும் திருபுவனை, மதகடிப்பட்டு என்று மறுபடியும் புதுச்சேரிக்குள் நுழைந்துதான் வெளியே வரவேண்டும். ஜனங்கள் முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கும் போவார்கள், ஜிப்மருக்கும் போவார்கள். எந்தப் பஸ் முதலில் வருகிறதோ அது. கர்ப்ப ஸ்திரீயின் பதிவு தமிழ்நாட்டு ஏட்டில் இருக்கும். பிரசவம் புதுச்சேரியில் நடக்கும். பிரெஞ்சுக்காரன் போட்ட கோடு, அவன் போய் எத்தனையோ வருஷமாகியும், நோயாளியின் ஏட்டை இரண்டாகக் கிழிக்கிறது. சென்னையில் குளிர் அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவனுக்கு இந்தக் கோடு தெரியுமா? வந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

ஆகவேதான் சொல்லுகிறோம்: புள்ளிவிவரமும் கணிதமும் கம்ப்யூட்டரும் படிக்கிற டாக்டர் பட்ட மாணவர்களைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார இலாகாவிலும் சில மாதம் பயிற்சி வேலைக்கு அமர்த்த வேண்டும். இது கனவல்ல. இங்கிலாந்தில் தேசியச் சுகாதாரச் சேவை டாக்டர் பட்ட மாணவர்களைச் சில மாதம் சம்பளத்தோடு அமர்த்தி வேலை வாங்குகிறது. செய்த கணக்கு முறையைப் பலரும் பார்க்கும்படி வெளியிடவும் செய்கிறது. அந்த வெளியீடுதான் நமக்கு முக்கியம். மூடி வைத்த மந்திரம் நமக்கு வேண்டாம்.

சம்பளத்தோடு என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் பக்கத்தில் "பயிற்சிக்கு ஊதியம் இல்லை" என்ற வரியோடு வரும் விளம்பரங்கள் பல. சம்பளமில்லாமல் ஆறு மாதம் சென்னையில் அறை எடுத்துத் தங்கக்கூடியவன் யார்? அப்பனுக்குப் பென்ஷனும் மாமனுக்கு மயிலாப்பூரில் வீடும் உள்ளவன்தானே? கூலிக்காரன் மகளாகப் பிறந்து, உதவித் தொகையை எதிர்பார்த்து ஆராய்ச்சி செய்கிற பெண் அந்த விளம்பரத்தைப் படித்து மடித்து வைத்துவிட வேண்டியதுதான். 1928-இல் முத்தையா முதலியார் வகுப்புவாரி உத்தரவை அமலுக்குக் கொண்டுவந்தபோது தகுதி போயிற்று, திறமை போயிற்று என்று கூச்சலிட்டவர்களுக்கு இந்தக் காலத்தில் கூச்சலே தேவையில்லை. "ஊதியம் இல்லை" என்ற ஒரு வரி அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடும்.

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். 2001-இல் பல்கலைக்கழக மானியக் குழு சோதிடத்துக்குப் பட்ட வகுப்பு வைக்கக் கிளம்பியது. விஞ்ஞானிகள் கோர்ட்டுக்குப் போயும் 2004-இல் சுப்ரீம் கோர்ட் தடுக்க மறுத்துவிட்டது. கிரகத்தை எண்ணுவதற்குப் பொக்கிஷத்தில் பணமிருந்தால், பிணத்தை எண்ணிப் பிழைக்க வைப்பதற்கு இருக்காதா? 2022-இல் நம் மாநிலச் சர்க்காரே முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் என்று வாலிபர்களைச் சம்பளம் கொடுத்து இலாகாக்களில் அமர்த்தியது. மனம் இருந்தால் வழி இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

சிலர் வேறொரு ஆட்சேபணை சொல்லுவார்கள்: ஜனங்களின் நோய் இரகசியத்தை மாணவர் கையில் கொடுப்பதா என்று. இது நியாயமான பயம். இதைக் கேலி செய்ய மாட்டோம். 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைத் திருடர்கள் முடக்கினபோது, நாட்டின் முதல் ஆஸ்பத்திரியே நாள்கணக்கில் காகிதமும் பேனாவுமாகத் திண்டாடியதைப் பார்த்தோம். தனிமனிதர் தரவைக் காக்க 2023-இல் சட்டமும் வந்திருக்கிறது. பெயரையும் விலாசத்தையும் ஆதார் எண்ணையும் நீக்கிவிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள்ளேயே, யார் எதைத் திறந்து பார்த்தார் என்று பதிவாகும்படி வேலை வாங்க வேண்டும். ஏட்டை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. கம்பெனிக்காரனுக்கு விற்கக் கூடாது. நம் நோயைச் சரக்காக்கி லாபம் அடிக்க வருகிறவனுக்கும், நம் பாவத்தைச் சரக்காக்கித் தட்சணை வாங்குகிறவனுக்கும் நாம் வித்தியாசம் காணவில்லை.

இன்னொன்று. இந்த ஏட்டில் உள்ள எண்களெல்லாம் ஆகாயத்திலிருந்து விழுந்தவையல்ல. 2021 ஆகஸ்டு 5-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது முதல், மகளிர் குழுக்களைச் சேர்ந்த தாய்மார்கள் வெயிலில் வீடு வீடாக நடந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து எழுதுகிற எண்கள் அதில் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பது சொற்ப ஊக்கத் தொகை. பட்டம் வாங்கப் போகிறவர் முதல் மாதம் அந்த அம்மாளோடு தெருத்தெருவாக நடக்கட்டும். பூட்டிய வீட்டுக்கு அவர் என்ன எழுதுகிறார், கருவி ஓடாத நாளில் என்ன எழுதுகிறார், மேலிடத்திலிருந்து "இலக்கு முடிந்ததா" என்று அதட்டல் வந்த நாளில் என்ன எழுதுகிறார் என்று கண்ணால் பார்க்கட்டும். அதன் பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரட்டும். இதைப் பாராமல் போடுகிற கணக்கு எவ்வளவு பெரிய கணக்கானாலும் கோயில் பிரகாரத்தில் போடுகிற கோலந்தான்.

தோழர்களே! நமது ஒன்றியத்துக் கிராமங்களில் வருஷத்துக்குச் சில தடவை கிராம சபை கூடுகிறது. கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் எவ்வளவு என்று கேட்பதற்கு அங்கே ஆள் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் நீங்கள் எழுந்து இதைக் கேளுங்கள்: சென்ற வருஷம் நமது ஊராட்சியில் காசநோய் கண்டவர்கள் எத்தனை பேர்? அவர்களில் செத்தவர்கள் எத்தனை? நோய் கண்ட நாளுக்கும் படுக்கை கிடைத்த நாளுக்கும் நடுவே போனது எத்தனை நாள்? புதுச்சேரிக்குப் போய்ச் செத்தவர்களை எந்த ஏட்டில் எழுதினீர்கள்? பெயர் வேண்டாம், எண் போதும். எண் இல்லை என்று சொன்னால், இல்லை என்பதையே தீர்மானமாக எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு, ஜில்லா சுகாதார அதிகாரிக்கு ஒரு நகலும் பக்கத்துப் பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் துறைக்கு ஒரு நகலும் அனுப்புங்கள்.