கட்டாய இன்டர்ன்ஷிப்புக்கு உதவித்தொகை கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், சட்டக் கல்லூரி மாணவர் நலச் சங்கம்
பெறுநர்: சட்டக் கல்வித் துறை உயர் அலுவலர் அவர்கள்
பார்வை: இதே பொருளில் எமது முந்தைய மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

அரசு சட்டக் கல்லூரி மாணவர்கள் சார்பில் இம்மனு அளிக்கப்படுகிறது.

முன்பு எழுதியதையே மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதைத் தவிர வேறு பதில் எமக்கு வரவில்லை. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் 25ஆம் விதி, மூன்றாண்டு மாணவர் 12 வாரமும் ஐந்தாண்டு மாணவர் 20 வாரமும் இன்டர்ன்ஷிப் முடித்தே ஆக வேண்டும் என்கிறது. ஓராண்டில் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் கூடாது என்றும் அதே விதி சொல்வதால், செலவு ஒரே தடவையில் முடிவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக அறை பிடித்து, முன்பணம் கட்டி, கறுப்புக் கோட்டுடன் பஸ் ஏற வேண்டும். சீனியர் அலுவலகத்தில் கேஸ் கட்டைப் பிரித்து வாய்தா தேதியை டைரியில் ஏற்றுவது, நகல் மனுவுக்கு ஸ்டாம்பு ஒட்டுவது என மாணவர் நாள் முழுதும் உழைக்கிறார். சாப்பாட்டுச் செலவு அவருடைய வீட்டார் தலையில் விழுகிறது. கல்லூரி நாட்களிலோ 70 சதவீத வருகை வேண்டும் என்பதால், வேலைக்குப் போய்ச் சேர்த்து வைக்கவும் வழி குறைவு.

பயிற்சி படிப்பின் பகுதிதானே, அதற்கு ஏன் பணம் என்று கேட்கப்படலாம். படிப்பின் பகுதி என்பதால்தான் கேட்கிறோம்: விருப்பப் பயிற்சியாக இருந்தால் வசதியில்லாதவர் ஒதுங்கிக்கொள்ளலாம், இதில் ஒதுங்கினால் பட்டமே இல்லை. மருத்துவ மாணவரின் கட்டாயப் பயிற்சிக்கு உதவித்தொகை உண்டு என்று 2021ஆம் ஆண்டு மருத்துவப் பயிற்சி ஒழுங்குமுறைகளே கூறுகின்றன. அவர் தேர்வுகளை முடித்தவர், நோயாளிகளைப் பார்ப்பவர் என்பது உண்மை. அதனால் தொகை குறையலாம், அடியோடு இல்லாமல் போகலாகாது. சொந்த மாவட்டத்திலேயே பயிற்சி பெறலாமே என்பாரும் உண்டு. மாவட்ட நீதிமன்றத்திலும் மேல்முறையீடு நடக்கிறதுதான். ஆனால் ரிட் மனுவைப் பார்க்க வேண்டுமானால் ராமநாதபுரம் மாணவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும் தருமபுரி மாணவர் சென்னைக்கும் போயாக வேண்டும். ஏழை மாணவருக்கு உயர் நீதிமன்றம் வேண்டாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

நிதியில்லை என்ற பதிலும் எமக்கு ஏற்புடையதல்ல. ஏழைக் குடும்பத்து இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2020இல் அறிவித்தது. அது ஒருவருக்கு 72,000 ரூபாய். நான்கு வாரப் பயிற்சிக்கு அதே 3,000 எனக் கொண்டால், ஐந்தாண்டு முழுவதற்கும் ஒரு மாணவருக்கு 15,000, மூன்றாண்டு மாணவருக்கு 9,000தான் ஆகிறது. இத்தொகையை வழங்குவதுடன், விடுமுறையில் காலியாகும் அரசு நல விடுதி அறைகளையும் பயிற்சி மாணவருக்குத் திறந்துவிடக் கோருகிறோம்.

உதவித்தொகையுடன் மாணவர் நலன் சார்ந்த வேறு சில கோரிக்கைகளும் உண்டு: 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் பிறப்பித்த வழிகாட்டுதலை நிறைவேற்றவும், டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ விடுதிகளில் எழுதி வைக்கவும், வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேற்படக் கூடாது என்ற அதே நீதிமன்றத்தின் 2024 ஜூலைத் தீர்ப்பை அறிவிப்புப் பலகையில் ஒட்டவும், வேலைவாய்ப்பு வழிகாட்டி ஒருவரை நியமிக்கவும் வேண்டுகிறோம்.

உதவித்தொகைக் கோரிக்கைக்கு ஏற்பு அல்லது மறுப்பு, மறுப்பாயின் அதன் காரணம் ஆகியவற்றை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்