செட்டை வெட்டுமுன்



தென்மராட்சியிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வளவில் பட்டு நின்ற பனையொன்றைத் தறித்தபோது பொந்துக்குள் இரண்டு கிளிக்குஞ்சுகள் இருந்தனவாம். ஒன்று அன்றே செத்துப்போனது. மற்றதைப் பருப்பும் வாழைப்பழமும் தீத்தி வளர்த்துவிட்டார்கள். இப்போது அது வீடெல்லாம் பறக்கிறது. சாமிப்படத்தின் மேலும் யன்னல் கம்பியிலும் அடுப்படிப் பரணிலும் போய் இருக்கிறது. சுற்றிக்கொண்டிருந்த ஃபானில் அடிபடாமல் ஒருநாள் மயிரிழையில் தப்பியிருக்கிறது. "செட்டையை வெட்டி விடுங்கோ பிள்ளை, பிறகு எங்கேயும் போகாது" என்கிறாராம் பக்கத்து வீட்டு ஐயா. வீட்டிலுள்ள சிறுமி மட்டும் கத்தரிக்கோலை ஒளித்து வைத்துவிட்டு, "வெட்டினா அதுக்கு நோகுமோ அம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். என்ன செய்யலாம் என்று எங்களிடம் கேட்டிருக்கிறார்.

முதலில் அந்தப் பிள்ளைக்குப் பதில். முழுதாய் வளர்ந்து முற்றிய இறகை வெட்டினால் நோகாது. நகம் வெட்டுவது போலத்தான், அதில் இரத்தமும் இல்லை, நரம்பும் இல்லை. ஆனால் புதிதாக முளைத்துவரும் இறகின் தண்டுக்குள் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அதை வெட்டினால் நோவும் உண்டு, இரத்தமும் நில்லாமல் வடியும். கிளியின் நிறையோ ஏறக்குறைய 120 கிராம்தான். அந்த உடம்பு அதிகம் இரத்தம் இழந்தால் தாங்காது. எந்த இறகு முற்றியது, எது முளைக்கிறது என்று பார்க்கத் தெரியாதவர் கையில் கத்தரிக்கோல் இருக்கக்கூடாது. தங்கச்சி அதை ஒளித்து வைத்தது நல்ல காரியம்.

நோவு ஒரு கேள்வி. வெட்டிய பிறகு அந்தப் பறவைக்கு என்ன ஆகிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கிளியின் ஒவ்வொரு செட்டையின் நுனிப்பக்கத்திலும் பத்து நீண்ட இறகுகள் உண்டு. காற்றைத் தள்ளி உடம்பை முன்னே கொண்டுபோவது அவைதான். வெட்டுபவர்கள் வெட்டுவதும் அவற்றைத்தான். நமது ஊரில் கோழி மதில் பாயாமலிருக்க ஒரு பக்கச் செட்டையை மட்டும் வெட்டும் வழக்கம் உண்டு. அதையே கிளிக்கும் செய்துவிடுகிறார்கள். கோழி நிலத்தில் நடந்து இரை பொறுக்குகிற பறவை, அது சமாளித்துக்கொள்ளும். உயரத்தில் இருந்தே பழகிய கிளிக்கு ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் பறக்க எழும்பும் ஒவ்வொரு முறையும் உடம்பு சரிந்து சுழன்று விழும். சீமெந்து நிலத்தில் நெஞ்சு அடிபட விழுந்தால் நெஞ்செலும்பின் மேல் தோல் பிளந்துவிடும். புண் ஆற முன்னரே மறுபடி விழும். பயத்தில் தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கும் கிளிகளும் உண்டு.

வெட்டினால் "எங்கேயும் போகாது" என்று ஐயா சொல்வதும் முழு உண்மையில்லை. இந்தப் பச்சைக்கிளி மெலிந்த உடம்பும் நீண்ட வாலும் கொண்டது, வேகமாய்ப் பறக்கும் இனம். பாதி இறகு போனாலும் காற்றைப் பிடித்துக்கொண்டு போய்விடும். நமது ஊரில் சோளகம் எப்படி வீசும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எதற்கோ பயந்து முற்றத்தில் எழும்பிய கிளியை அந்தக் காற்று மதிலுக்கு அப்பால் தூக்கிப்போட்டால், திரும்பி வரவோ மரத்தில் ஏறி இருக்கவோ அதற்கு வலு இராது. பக்கத்து வளவில் நாய் நிற்கும், பூனை நிற்கும், மூடாத கிணறும் இருக்கும். முழுச்செட்டையுள்ள கிளி இவற்றுக்கு மேலால் பறந்து தப்பிவிடும்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். வெட்டிய இறகு அப்படியே இருப்பதில்லை. வருடத்துக்கொரு தடவை பழைய இறகு கழன்று புதியது முளைக்கிறது. அது ஒவ்வொன்றாக, வீட்டார் கண்ணில் படாமல் நடக்கும். "வெட்டின கிளிதானே" என்ற நம்பிக்கையில் கதவு திறந்தே கிடக்கும். ஒரு காலை கிளி எழும்பும்போதுதான் செட்டை வளர்ந்தது தெரியவரும். கிளி காணாமற்போகும் கதைகளில் பல இப்படி நடந்தவைதான்.

வெட்டச் சொல்பவர்கள் கிளியில் இரக்கமில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஃபானும் கொதிக்கும் சட்டியும் திறந்த கதவும் உண்மையான ஆபத்துகள். கால்நடை வைத்தியர்களிலும் சிலர், வேறு வழியே இல்லாத வீட்டில், இரண்டு பக்கமும் சமமாக, நுனியில் சில இறகுகளை மட்டும் குறைத்துவிடச் சொல்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிளி வளர்ப்பவர்களிடையே இது இன்னும் தீராத வாதம். ஆனால் அங்கே வாதத்துக்குரிய பறவை பெரும்பாலும் தென்னமெரிக்க மக்கா, ஆபிரிக்கச் சாம்பல் கிளி போன்ற அந்நிய இனம்தான். யன்னலால் தப்பினால் அதற்கு அங்கே இனமுமில்லை, தெரிந்த மரமுமில்லை, பனிக்குளிர்தான் உண்டு. அங்கே எழுதிய ஆலோசனையை எடுத்துக்கொண்டு நமது வளவில் கத்தரிக்கோல் தூக்க முடியாது. நமது கிளிக்கு அது நிற்கும் இடமே சொந்த ஊர். பின்னேரம் கீச்சிட்டபடி கூட்டமாய் வீட்டுக்கூரைக்கு மேலால் போகின்றனவே, அவை அதன் உறவுகள். அதற்கு வேண்டிய வேப்பம்பழமும் கொவ்வைப்பழமும் கொய்யாவும் வேலிக்கு வெளியே பழுத்துக் கிடக்கின்றன. அந்தக் கூட்டத்தின் சத்தம் கேட்டு உள்ளேயிருக்கும் கிளி பதில் குரல் கொடுப்பதை வளர்ப்பவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

இந்த மண்ணோடு அதற்குள்ள உறவைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. கிளி பெரும்பாலும் தானாகப் பொந்து குடைவதில்லை, கிடைத்த பொந்தைத் தன் சொண்டால் பெரிதாக்கிக்கொள்ளும். நமது பனையிலும் தென்னையிலும் முதலில் துளையிடுவது பொன்முதுகு மரங்கொத்தி. வட இலங்கையில் வாழும் அதன் உள்ளினத்துக்கு அறிவியலார் யாழ்ப்பாணத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அது குடைந்து விட்டுப்போன பொந்தில் மைனா வரும், கிளி வரும். போர்க்காலத்தில் ஷெல்லடியில் தலையிழந்த பனைகள் எத்தனையோ. ஓலையின்றி மொட்டையாய் நின்ற அந்த மரங்கள் நமக்குத் துயரக் காட்சி. பொந்தில் குடியிருக்கும் பறவைகளுக்கு உளுத்த பனை வீடாகிவிடுகிறது. அந்த மொட்டைப் பனைகளையும் நாங்கள் ஒவ்வொன்றாகத் தறித்துக்கொண்டிருக்கிறோம்.

போரைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் எழும்பி நடந்தது. லட்சக்கணக்கான சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் போனது. கையில் பிள்ளைகளும் ஒன்றிரண்டு பைகளும் தவிர வேறொன்றும் கொண்டுபோக முடியவில்லை. மாட்டுக்குக் கட்டை அவிழ்த்துவிட்டார்கள், நாயைப் பார்த்து அழுதுகொண்டு போனார்கள். கூட்டிலிருந்த கிளிக்குக் கதவைத் திறந்துவிடுவதுதான் செய்யக்கூடியதாக இருந்திருக்கும். செட்டையுள்ள கிளிக்கு அது போதும். வெட்டுண்ட கிளிக்குக் கதவு திறந்தும் பயனில்லை. ஓடித் தப்புவதற்கு ஒரு வழி இருப்பது உயிருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நமது ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தைச் சின்ன விஷயமென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

லண்டனில் இருக்கும் வாசகர்களுக்கு இதே கிளியைத் தெரியும். அங்குள்ள பூங்காக்களில் பனிக்காலத்திலும் பச்சைப்பசேலென்று கூட்டமாய்ப் பறப்பது இந்த இனம்தான். கூட்டிலிருந்து தப்பியும் விடுபட்டும் போன வளர்ப்புக் கிளிகளின் சந்ததி அவை. 1969 இலிருந்து இங்கிலாந்தில் வெளியே குஞ்சு பொரித்து வாழ்கின்றன. செட்டை ஒழுங்காய் இருந்த கிளி அந்நியக் குளிரிலேயே குடும்பம் நடத்திவிட்டது.

இதைப் படித்துவிட்டு இன்றைக்கே கூட்டைத் திறந்து விட்டுவிட வேண்டாம். கையால் தீத்தி வளர்த்த கிளிக்குப் பூனை எதிரி என்று தெரியாது, வல்லூறைக் கண்டு ஒளியத் தெரியாது, இரை தேடவும் தெரியாது. பசித்தால் யாரோ ஒருவரின் தோளில்தான் போய் இருக்கும். அந்தத் தோள் எப்படிப்பட்டதோ! விடுவதென்றால் மாதக்கணக்கில் பழக்கித்தான் விட வேண்டும். காட்டுப்பழங்களைக் கொப்போடு முறித்து உள்ளே வைப்பதும், மரத்தடியில் பெரிய வலைக்கூட்டில் விட்டுக் காட்டுக்கிளிகளோடு குரல் பழகவிடுவதும் தொடக்கம். வனஜீவராசிகள் திணைக்களத்தாரிடம் கேட்டுச் செய்வது நல்லது. செட்டை முழுதாக இருந்தால்தான் இதில் எதுவும் நடக்கும்.

வீட்டிலேயே வைத்திருப்பதென்றால், வீட்டைத்தான் திருத்த வேண்டும். கிளி வெளியே நிற்கும்போது ஃபான் ஓடக்கூடாது, அடுப்பில் கொதிக்கும் சட்டி இருக்கக்கூடாது. ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டி அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் புகையே கிளியைக் கொன்றுவிடும், பலருக்கு இது தெரியாது. கண்ணாடி யன்னலுக்குத் திரை போடுங்கள். கூப்பிட்டால் கைக்கு வர ஒரு கச்சான் பருப்பைக் காட்டிப் பழக்குங்கள். கெட்டிக்காரப் பறவை, சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கூடு உயரமாய் இருப்பதைவிட நீளமாய் இருப்பது நல்லது, கிளி முன்னும் பின்னும்தான் பறக்கும். நன்றாய்ப் பார்த்துக்கொண்டால் 25 வருடத்துக்கு மேலும் வாழக்கூடிய உயிர் இது. இப்போது கத்தரிக்கோலை ஒளித்த சிறுமி தன் பிள்ளைக்கும் இதைக் காட்டலாம்.

திருவிழாக் காலத்தில் சாத்திரச் சீட்டெடுக்கும் கிளிகளைப் பார்த்தே செட்டை வெட்டுவது வழமைதான் என்று நாங்கள் பழகிவிட்டோமோ என்றும் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் 2024 ஏப்ரலில், தேர்தல் நேரத்தில், கடலூர்ப் பக்கம் கிளிசோதிடர் ஒருவரை வனத்துறை பிடித்தது பெரிய செய்தியானது. இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இந்தக் கிளியைக் கூட்டில் வைத்திருப்பதே அங்கே குற்றம். ஏழைச் சோதிடரைப் பிடித்ததில் அரசியல் இருந்ததென்று பலரும் பேசினார்கள், அந்தக் கோபம் நியாயமாயும் இருக்கலாம். அதற்காகக் கிளியின் பக்க நியாயம் குறைந்துவிடாது. கந்தரநுபூதி படிக்கும் வீடுகள் நம்முடையவை. அதை அருணகிரியார் கிளியுருவில் இருந்து பாடினார் என்பதும் நாங்கள் கேட்டு வளர்ந்த கதைதான். அந்தக் கதையைச் சொல்லும் கிளிக் கோபுரமே திருவண்ணாமலையில் உண்டு.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு எனது பதில் இதுதான்: வெட்ட வேண்டாம். ஃபானை நிறுத்துங்கள், கதவைச் சாத்துங்கள், பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுங்கள். எப்படியும் முடியாத வீட்டுநிலை என்றால் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வெட்டுவதாயின் இரு பக்கமும் சமமாய், சில இறகு மட்டும், அதுவும் ஒருமுறைதான். அடுத்த இறகு முளைக்குமுன் வீட்டைச் சரிசெய்துவிடுங்கள். இன்னும் பறந்தே பார்க்காத குஞ்சுக்கு ஒருபோதும் வெட்டாதீர்கள், பறக்கப் பழகும் பருவத்தில் பறக்காத கிளியின் உடம்பும் துணிவும் பிறகு முழுதாய்த் தேறுவது கடினம்.

மற்ற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பொந்திலிருந்து எடுத்து விற்க வரும் குஞ்சுகளை வாங்காதீர்கள். மாசி, பங்குனியில் வளவிலுள்ள பட்ட பனையைத் தறிக்க ஆள் கூப்பிடுமுன், பொந்துக்குக் கிளி வந்து போகிறதா என்று இரண்டு நாள் நின்று பாருங்கள். வந்து போனால், குஞ்சு பொரித்துச் செட்டை முளைத்துப் பறந்துபோக இரண்டரை மாதம் வேண்டும். அதுவரை அந்த மரத்தை விட்டுவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்