கடாரம் தெரிகிறது, ஜித்ரா தெரியவில்லை

செமஸ்டர் முடிந்ததும் கட்டுரைகள் வரத் தொடங்கும். வெளிநாட்டில் ஒரு பருவம் படித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் எழுதும் கட்டுரைகள். நாலைந்து படித்துவிட்டால் ஆறாவதை நீங்களே எழுதிவிடலாம். முதல் பத்தியில் விமான நிலையத்தில் பயம். அடுத்ததில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஓர் அறைத்தோழி: வேறு நாடு, வேறு மதம், ஆனால் ஒரே மனசு. பிறகு ஒரு மலை, இல்லாவிட்டால் கடற்கரை. கடைசியில் கொஞ்சம் கண்ணீர், அப்புறம் அந்த வாக்கியம்: "போனவள் வேறு, திரும்பி வந்தவள் வேறு."

சரி, மாறிவிட்டீர்கள். சந்தோஷம். ஆனால் நீங்கள் நாலு மாதம் இருந்தது என்ன ஊர்? அங்கே யார் வாழ்கிறார்கள்? அதைப் பற்றி ஒரு வரியும் காணோமே!

ஜித்ராவில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறேன். கெடாவின் வடக்கு மூலையில், அலோர் ஸ்டாருக்கும் தாய்லாந்து எல்லைக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது. இன்னும் வடக்கே போனால் சங்லூன், அங்கிருந்து கிழக்கே பத்து கிலோமீட்டரில் சிந்தோக். யூ.யூ.எம். என்று எல்லோரும் சொல்லும் உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகம் அங்கேதான், காட்டுக்கு நடுவில் இருக்கிறது. 2010இல் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மூன்றும் சேர்ந்து மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. அந்த மாதிரித் திட்டங்களில் வெளிநாட்டுப் பிள்ளைகள் இந்த வடகோடி வரைக்கும் வருகிறார்கள். அவர்கள் கட்டுரைகளில் ஜித்ராவுக்குக் கிடைக்கும் இடம் அரை வரி: "பக்கத்தில் ஒரு சின்ன டவுன், ஒன்றும் கிடையாது."

ஒன்றும் கிடையாதா? அந்தப் பல்கலைக்கழகமே முதலில் இந்த ஜித்ரா வட்டாரத்தில்தான் இருந்தது. 1984இல் தொடங்கி, பண்டார் டாருல் அமானில் தற்காலிக வளாகம் வைத்து நடத்தி, 1990இல்தான் சிந்தோக்குக்கு மாறியது. தாங்கள் படித்த இடம் எங்கே பிறந்தது என்றுகூடக் கேட்காமல் ஒரு பருவத்தை முடித்துவிட முடிகிறது.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை எல்லை தாண்டி இறங்கியபோது பிரிட்டிஷார் தடுப்பு அரண் போட்ட இடமும் ஜித்ராதான். அங்கே நின்றது பதினோராவது இந்தியப் படைப்பிரிவு. இரண்டு மூன்று நாளில் அரண் உடைந்தது. சிதறிய சிப்பாய்களில் ஒருவர் பஞ்சாப் ரெஜிமென்ட்டின் கேப்டன் மோகன் சிங். அவர் ஜப்பானியரோடு பேசிய பேச்சிலிருந்துதான் இந்திய தேசிய ராணுவம் உருவானது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் வந்து தலைமை ஏற்றபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து பால்வெட்டுத் தொழிலாளர்கள் அதில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணி படையில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். அதே காலத்தில் பல்லாயிரம் தோட்டத் தமிழர்களை சயாம் ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள். போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. அவர்களும் வெளிநாடு போனவர்கள்தான். பருவ இறுதிக் கட்டுரை எழுதத்தான் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

இந்தியாவிலிருந்து வருகிற மாணவருக்கு இது அந்நிய வரலாறு இல்லை. அவர் பாடப்புத்தகத்தில் இருக்கிற ராணுவத்தின் தொடக்கம் இந்தச் சாலையோரத்தில் கிடக்கிறது. யாரும் மறைத்து வைக்கவில்லை, கேட்டால் போதும்.

ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் கேட்பது வேறு. "கடாரம் எங்கே?"

வார இறுதியில் மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போகிறார். புஜாங் பள்ளத்தாக்கில் தோண்டி எடுத்துத் திரும்ப அடுக்கிய கோயில் அடித்தளத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார். 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்ததை எழுதுகிறார். "நம் முன்னோர் ஆண்ட மண்" என்று முடிக்கிறார். அவ்வளவு பெருமையோடு எழுதுகிறவருக்கு மூன்று விஷயங்கள் தெரிவதில்லை.

ஒன்று, அது சோழர் ஏற்படுத்திய இடமே இல்லை. அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அது துறைமுக வட்டாரம். பௌத்தர்களும் இந்துக்களும் வந்து போன இடம், சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்திருக்கின்றன. சோழர் வந்தது படையெடுத்து. படையெடுத்தவனை முன்னோர் என்று கொண்டாடுவது உங்கள் விருப்பம். அதை இந்த மண்ணில் நின்றுகொண்டு, பக்கத்தில் மலாய் நண்பரை வைத்துக்கொண்டு கொண்டாடும்போது கொஞ்சம் யோசிக்கலாம். நீங்கள் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுவீர்கள். இங்கேயே பிறந்து, "நாங்களும் இந்த நாட்டுக்காரர்கள்தான்" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நாங்கள். "ஆண்ட பரம்பரை" பேச்சுக்கு விலை கொடுப்பதும் நாங்கள்தான்.

இரண்டு, 2013இல் அதே பள்ளத்தாக்கில் ஒரு பழைய கோயிலின் எச்சத்தை வீடமைப்பு நிறுவனம் ஒன்று இடித்துத் தள்ளியது. விஷயம் வெளியே வந்தபோது நாடே கொதித்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லோரும் பேசினார்கள். அந்தப் பள்ளத்தாக்கு உயிரோடு இருப்பது அந்தச் சண்டையால்தான், ராஜேந்திரனால் அல்ல. பெருமைக் கட்டுரைகளில் இந்தச் சண்டைக்கு இடமில்லை.

மூன்று, கெடாவில் இன்று இருக்கிற தமிழர்களில் பெரும்பாலோர் சோழர் கப்பலில் வந்தவர்களின் வாரிசுகள் இல்லை. கங்காணி அழைத்து வந்து, ரஜூலா மாதிரிக் கப்பல்களின் மேல்தளத்தில் மூட்டையோடு மூட்டையாகப் படுத்து, பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவின் தடுப்பு முகாமில் காத்திருந்து, லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள். ஆட்களைக் கூட்டி வருகிற அந்த முறை 1938இல் நின்றது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கப்பல் தெரிகிறது, தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கப்பல் தெரியவில்லை. முதலாவதில் ராஜா இருக்கிறார், இரண்டாவதில் கூலி இருக்கிறார். காரணம் அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக்காரரை மட்டும் குத்துவதாக நினைக்க வேண்டாம். நம் பிள்ளைகள் அங்கே போய்விட்டு வந்து எழுதுவதும் இதே ரகம். தஞ்சாவூர் கோபுரம், தி. நகர் புடவை, "தாய்மண்ணை மிதித்தேன், சிலிர்த்தது." தாத்தா எந்த ஊரிலிருந்து, எந்தச் சாதிக் கொடுமையிலிருந்து, எந்தப் பசியிலிருந்து கப்பல் ஏறினார்? அந்தத் தெரு இன்று எப்படி இருக்கிறது? அங்கே போய்க் கேட்டால் சிலிர்ப்பு அடங்கிவிடும் என்று பயமா?

"அட, இருபது வயசுப் பிள்ளைங்கப்பா! நாலு மாசத்துல என்னத்த ஆராயச் சொல்றீங்க? பல்கலைக்கழகம் அறிக்கை கேட்குது, எழுதிக் கொடுக்குதுங்க." நண்பர்கள் சொல்வது இது. பல்கலைக்கழகப் படிவத்தில் "நீங்கள் என்ன பெற்றீர்கள்?" என்றுதான் கட்டம் இருக்கும். அதை அப்படியே நிரப்பிக் கொடுங்கள், ஆட்சேபணை இல்லை. அதையே எடுத்து இலக்கியக் கட்டுரை என்று இதழுக்கு அனுப்பும்போதுதான் எனக்கு வழக்கு. அதை வாங்கிப் போடும் ஆசிரியர்கள் மேல் வழக்கு இன்னும் பெரிது. ஆராய்ச்சி யாரும் கேட்கவில்லை. தினமும் ரொட்டி சானாய் போட்டுக் கொடுத்தவர் பேர் என்ன, அவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்க நாலு மாதம் தாராளம்.

தமிழில் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. ஏ.கே. செட்டியார் 1930களில் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகம் சுற்றியவர். அவர் பயண எழுத்தில் மனிதர்கள் இருப்பார்கள், ஊர் இருக்கும், பேச்சு இருக்கும். செட்டியாரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ப. சிங்காரம் மேடானில் கடை வேலைக்குப் போனவர். ஊர் திரும்பி எழுதிய 'புயலிலே ஒரு தோணி'யில் மேடான் தெருக்களும் பினாங்குத் தெருக்களும் நடக்கின்றன, சாப்பிடுகின்றன, சண்டை போடுகின்றன. தன் மனமாற்றத்தை அறிவிக்கவா அவர் அதை எழுதினார்?

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு வெளிநாடு என்பது ஜொகூர் பாலம் தாண்டிய சிங்கப்பூர் வேலை. உள்நாட்டில் பினாங்குத் தொழிற்சாலை. கல்லூரிக்குப் போகிறவருக்குப் பி.டி.பி.டி.என். கடன், அதுவும் போதாவிட்டால் அப்பாவின் சேம நிதி. அவர்கள் ஒரு பருவம் போய்த் தங்களைக் கண்டுபிடித்துக்கொண்டு வர முடியாது. திரும்பி வருகிற டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு போவது ஒரு சலுகை. சலுகை கிடைத்ததற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் "துணிந்து பறந்தேன்" என்று எழுதுவது பொய்.

ஆகவே அடுத்த பருவம் முடிந்து எழுத உட்காருகிறவரிடம் மூன்றே கேள்வி. உங்கள் பயணத்துக்குப் பணம் கொடுத்தது யார்? போன ஊரில் உங்களுக்கு வேலை செய்தவர்கள் யார் யார், அவர்கள் எப்போது, ஏன் அங்கே வந்தார்கள்? அந்த ஊரில் உங்களுக்குப் பிடிபடாமலே போனது எது? இதற்குப் பதில் எழுதினால் இரண்டு பக்கம் தேறும், அது அந்த ஊர்க்காரர்களும் படிக்கிற இரண்டு பக்கமாக இருக்கும். நீங்கள் மாறினீர்களா என்பதை உங்கள் அம்மா பார்த்துச் சொல்லிவிடுவார்.