செம்பு தட்டிய தெருவின் கோரிக்கைச் சாசனம்

பினாங்கு மாநில அரசுக்கும், தீவின் மாநகர் மன்றத்துக்கும், ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்துக்கும், இங்கே கட்டடம் வைத்திருக்கும் கொங்சிகள் என்னும் சீனக் குலச் சங்கங்கள், வக்ஃபுகள், கோயில் அறவாரியங்கள், தனியார் உரிமையாளர்கள் அனைவருக்கும், ஆர்மீனியன் தெருவிலும் அதைச் சுற்றியுள்ள ஆச்சே தெரு, சூலியா தெரு, கடைத்தெரு ஆகியவற்றிலும் குடியிருப்போரும் தொழில் செய்வோரும் கூடி எழுதுவது.

ஆர்மீனியன் தெருவுக்கு ஹொக்கியன் பேசும் சீனர்கள் வைத்த பெயர் ‘செம்பு தட்டும் தெரு’. அதற்கு முன்பு இது மலாய்க்காரர் வாழ்ந்த சந்து. பிறகு ஆர்மீனிய வணிகர்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின் செம்புக் கொல்லர்கள் வந்தார்கள். கொல்லர்களின் சுத்தியல் ஓசையை எங்களில் எவரும் கேட்டதில்லை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் இங்கே ஆள் மாறினாலும் வேலை நிற்கவில்லை. ஒருவர் எழுந்து போன இடத்தில் இன்னொருவர் தன் கருவிகளோடு உட்கார்ந்தார். 1910-இல் சுன் யாட் சென் தன் புரட்சி இயக்கத்தின் தளமாக வைத்திருந்த 120-ஆம் எண் வீடு இந்தத் தெருவில்தான் இருக்கிறது. சில நிமிட நடையில் 1808-இல் எழுந்த ஆச்சே தெருப் பள்ளிவாசல், கூ கொங்சி, சியா கொங்சி. இன்னும் கொஞ்சம் நடந்தால் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1833-இல் அமைந்த மகாமாரியம்மன் கோயில், நாகூர் ஆண்டவர் பெயரில் நிற்கும் தர்கா. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து மரக்கலம் ஏறி வந்தவர்கள் இங்கே வெறும் பார்வையாளர்களாக இருக்கவில்லை. சூலியா தெரு அவர்கள் பெயரைத்தான் சுமக்கிறது.

இன்று இந்தத் தெருவில் ஒருவர் எதை வாங்க முடியும்? குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தம். அதில் ஒரு பழைய கடைவீட்டின் கதவு. பக்கத்துக் கடையில் அதே காந்தம், அதில் ஒரு திரிஷா வண்டி. அதற்கடுத்த கடையில் சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளின் படம் அச்சிட்ட சட்டை, பை, கோப்பை, சாவிக்கொத்து. டுரியான் வடிவத்தில் ஒரு வரிசை, நாசி கண்டார் வடிவத்தில் ஒரு வரிசை. ஒரு நூற்கண்டு வேண்டும், அறுந்த செருப்பைத் தைக்க வேண்டும், கால் கிலோ மல்லித்தூள் அரைக்க வேண்டும் என்றால் வேறு தெருவுக்குப் போகவேண்டும். திரிஷா ஓட்டுபவரைவிடத் திரிஷாப் படம் விற்பவர் அதிகமாகிவிட்டார். எங்கள் துயரம் இதுதான்: எங்கள் வாழ்க்கையின் படத்தை விற்பதற்காக எங்கள் வாழ்க்கை காலிசெய்யப்படுகிறது.

காந்தக் கடை நடத்துபவர்கள் எங்கள் எதிரிகள் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவர்களும் எங்கள் அண்டைவீட்டார், சிலர் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். வந்து பார்க்கும் விருந்தாளிகளும் எங்களுக்கு வேண்டியவர்கள்தான். பூ கட்டுபவரும் சாப்பாட்டுக் கடைக்காரரும் நாணயம் மாற்றுபவரும் அவர்களால் வாழ்கிறார்கள். ஒரு கடையோ பத்துக் கடையோ இருப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. தெரு முழுவதும் ஒரே கடையாக ஆவதை எதிர்க்கிறோம்.

இது எப்படி நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் பேசுவோம். 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகை நெடுங்காலம் சட்டத்தின் பிடியில் இருந்தது. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குறைந்த வாடகையில் பல தலைமுறைகளை இங்கே நிலைக்கவைத்தது. அதே சட்டத்தால் உரிமையாளர்கள் கூரை ஒழுகினாலும் செலவு செய்யாமல் விட்டார்கள் என்பதும் உண்மை. 1997-இல் அதை நீக்கச் சட்டம் வந்தது, 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு இல்லாமல் போனது. ஒழிந்ததுகூடத் தவறல்ல. அதன் இடத்தில் எதையும் வைக்காமல் விட்டதுதான் தவறு. தகப்பன் காலத்து வாடகைக்குத் தொப்பி தைத்துக்கொண்டிருந்தவரும் நாளைக்கே பல மடங்கு தரத் தயாராக இருந்த ஓட்டல்காரரும் ஒரே சந்தையில், ஒரே நாளில் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள்.

2008 ஜூலை 7 அன்று மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. மையப் பகுதி மட்டும் 109 ஹெக்டேர். அன்றைக்கு நாங்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினோம், அந்தக் கொண்டாட்டத்தை இன்றும் திரும்பப் பெறவில்லை. 2012-இல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக எர்னஸ்ட் ஸக்கரேவிச் என்ற இளம் ஓவியர் எங்கள் சுவரில் இரண்டு பிள்ளைகளை வரைந்து, ஒரு நிஜச் சைக்கிளையும் பொருத்தினார். அழகான வேலை. அதைக் காண உலகமே வந்தது. வந்தவர்கள் கையில் எடுத்துப் போக ஒரு பொருள் தேவைப்பட்டது, அதை விற்க ஒரு கடை, பிறகு இன்னொன்று. அதன் பிறகு தலைகீழ் வீடு, பேய்வீடு, கண்ணை ஏமாற்றும் படங்கள் என்று எந்த ஊரிலும் வைக்கக்கூடிய ‘அருங்காட்சியகங்கள்’ நகரின் பழைய கட்டடங்களுக்குள் புகுந்தன.

மக்களோ குறைந்துகொண்டே வந்தார்கள். 2009-இல் பாரம்பரியத் தலத்துக்குள் சுமார் 10,000 பேர் வாழ்ந்ததாகக் கணக்கு. 2013-இல் அது 9,500-க்கும் கீழே போய்விட்டது. 1970-களில் நகரின் இந்தப் பகுதியில் இதைப்போலப் பல மடங்கு மக்கள் இருந்தார்கள். யுனெஸ்கோ எங்களைப் பட்டியலில் சேர்த்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, இந்த நகரம் ஆசியாவின் பல பண்பாடுகளுக்கு வாழும் சான்று என்பது. அதில் ‘வாழும்’ என்ற சொல்லை ஒவ்வொரு அதிகாரியும் தம் மேசையில் எழுதி வைக்கவேண்டும். சுண்ணாம்பு பூசிய சுவரும் ஓடு மாற்றிய கூரையும் சான்று ஆகமாட்டா. அந்தக் கூரைக்குக் கீழே இரவில் விளக்கு எரியவேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

முதலாவது, வணிக உரிமம். உள்ளாட்சிச் சட்டம் 1976, ஒவ்வொரு கடைக்கும் உரிமம் வழங்கும் பொறுப்பை மாநகர் மன்றத்திடம் கொடுத்திருக்கிறது. அதன் 107-ஆம் பிரிவு, உரிமத்தோடு எந்த நிபந்தனையையும் சேர்க்கலாம் என்கிறது. வீட்டைக் கடையாக மாற்றினால் திட்ட அனுமதி கேட்கிறீர்கள். தையல்கடை மூடி அங்கே காந்தக் கடை வந்தால் கேட்பதில்லை, ஏனென்றால் தாளில் இரண்டும் ‘கடை’தான். இந்த ஓட்டை வழியாகத்தான் எங்கள் தெரு ஒழுகிப் போய்க்கொண்டிருக்கிறது. நினைவுப்பொருள் கடையைத் தனி வகையாக உரிமத்தில் வரையறுங்கள். ஒரு கடைவரிசையில் ஐந்து கதவுக்கு ஒன்றுக்கு மேல் அந்த வகைக்குப் புதிய உரிமம் தராதீர்கள். இருப்பவர்களை விரட்டச் சொல்லவில்லை. அவர்கள் தாமாக விலகும்போது அந்த இடம் வேறு தொழிலுக்குப் போகட்டும். கட்டணம் வாங்கும் வேடிக்கைக் கூடங்களுக்கும் இதே விதி பொருந்தவேண்டும்; ‘அருங்காட்சியகம்’ என்ற பெயரை இந்த ஊரின் பொருளையோ வரலாற்றையோ வைத்திருப்பவர் மட்டும் எழுதிக்கொள்ளட்டும்.

இதைச் செய்ய முடியாது என்று சொல்வார்கள், சந்தையில் அரசு தலையிடக்கூடாது என்பார்கள். ஆம்ஸ்டர்டாம் நகரம் 2017-இல் தன் பழைய மையத்தில் பயணிகளை மட்டுமே குறிவைக்கும் புதிய கடைகளைத் தடை செய்தது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். இந்த ஜார்ஜ்டவுனிலேயே கடைவீடுகளின் மாடியில், சமையலுக்கு விற்கும் கூட்டுக்காகக் குருவி வளர்த்தார்கள். ஒலிபெருக்கியில் பறவைச் சத்தம் ஓடும், சுவர் ஈரம் கோத்துப்போகும், மனிதர் குடியிருக்க வேண்டிய அறைகளில் கூடு கட்டினால்தான் லாபம் என்று கணக்குப் போட்டார்கள். அதுவும் சந்தைதான். ஆனாலும் பாரம்பரியத் தலத்துக்கு அது ஒவ்வாது என்று முடிவு செய்து, 2013 இறுதிக்குள் வெளியேறக் கெடு வைத்தீர்கள். அன்று இருந்த துணிவை இன்றும் கேட்கிறோம்.

இரண்டாவது கோரிக்கை அரசுக்கு அல்ல, எங்கள் சொந்த மனிதர்களுக்கு. எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதவேண்டும். இந்த வட்டாரத்தின் கட்டடங்களில் பெரும்பங்கு ஏதோ அயல்நாட்டு முதலாளியிடம் இல்லை. கொங்சிகளிடமும் பள்ளிவாசல் வக்ஃபுகளிடமும் கோயில் அறவாரியங்களிடமும் இருக்கிறது. கப்பலிலிருந்து கால்வைத்த தன் குலத்தான் தலைசாய்க்க இடம் வேண்டும் என்றுதான் கொங்சியின் முன்னோர் கட்டினார்கள். பள்ளிக்கு விளக்கெரிய, ஏழைக்குச் சோறு போக என்றுதான் வக்ஃபு எழுதினார்கள். அந்த மண்ணில் யார் அதிக வாடகை தருகிறாரோ அவருக்கே சாவி என்றால், எழுதிவைத்தவரின் எண்ணம் எங்கே போயிற்று? அறக்கட்டளைக்கும் செலவு உண்டு, பழைய கூரை பணத்தைத் தின்னும், அது எங்களுக்குத் தெரியும். ஆகவே முழுவதையும் கேட்கவில்லை. உங்கள் கைவசம் உள்ள கதவுகளில் மூன்றில் ஒன்றை, கைத்தொழில் செய்வோருக்கும் அன்றாடப் பொருள் விற்போருக்கும் குடியிருப்போருக்கும் ஒதுக்குங்கள். வாடகை ஒப்பந்தம் பத்து ஆண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் எவனும் தன் மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கமாட்டான்.

அப்படி ஒதுக்கும் உரிமையாளருக்கு, தனியாரே ஆனாலும், மாநகர் மன்றம் மதிப்பீட்டு வரியில் சலுகை தரவேண்டும். லிஸ்பன் நகரம் 2015-இல் வரலாறுள்ள கடைகளுக்கென்று தனித் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோ பழைய தொழில்களுக்கு ஒரு பதிவேடு திறந்து, பின்னர் மானியமும் கொடுத்தது. பினாங்கிலும் கைவினைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன, அதற்கு நன்றி. ஆனால் சான்றிதழை எந்தச் சுவரில் மாட்டுவது? மாட்டச் சுவர் வேண்டும் அல்லவா? எனவே பதிவேடும் வாடகைப் பாதுகாப்பும் ஒன்றாக வரவேண்டும். அந்தப் பதிவேட்டில் சொங்கோக் தொப்பி தைப்பவரும், மணிச் செருப்பு கோப்பவரும், பிரம்பு பின்னுபவரும், பெயர்ப்பலகை செதுக்குபவரும் மட்டுமல்லாமல் மசாலா அரைப்பவர், மாலை கட்டுபவர், முடிதிருத்துபவர், பழைய பொருள் விற்பவர் ஆகியோரும் இடம்பெறவேண்டும். படம் எடுக்க அழகாக இருக்கும் தொழிலைமட்டும் காப்பாற்றினால் அதுவும் காந்தத்தில் போய்த்தான் முடியும்.

அஞ்சடி பற்றி ஒரு வார்த்தை. கடைவீட்டின் முன்னால் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்கச் செய்த அந்த வழியில் இன்று சட்டை மாட்டும் கம்பிகளும் காந்தப் பலகைகளும் நிற்கின்றன. கைத்தடி ஊன்றும் பாட்டிமார் கார் ஓடும் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். இருக்கும் விதியை நடைமுறைப்படுத்துங்கள், அடுத்த வாரமே.

விற்கும் பொருளைப் பற்றியும் நாங்கள் கேட்பது எளிமையானது. எங்கே செய்தது, கையாலா இயந்திரத்தாலா என்று ஒவ்வொரு பொருளிலும் எழுதியிருக்கவேண்டும். ஆலையில் அச்சடித்த துணியை ‘கை பத்தேக்’ என்று விற்றால், வாங்குபவர் ஏமாறுவது பாதி, மெழுகும் சாயமுமாக நாட்கணக்கில் உட்கார்ந்து செய்தவரின் விலை சரிவது மீதி. பொய்யான விவரத்தைத் தண்டிக்க 2011-ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டம் இருக்கிறது. சுவரோவியத்தை அச்சிட்டு விற்பவர் அதை வரைந்தவரின் அனுமதியைக் காட்டவேண்டும் என்றும் சேர்த்துக் கேட்கிறோம். நினைவுப்பொருள் வேண்டும் என்பவருக்குக் கொடுக்க எங்களிடம் இல்லாததா? ஜாதிக்காய் ஊறுகாய் இருக்கிறது, அரைத்த கறிமசாலா இருக்கிறது, தலை அளவெடுத்துத் தைத்த சொங்கோக் இருக்கிறது. ஒவ்வொரு நினைவுப்பொருள் கடையும் ஒரு பகுதிச் சரக்கை இந்தத் தீவில் செய்பவர்களிடமிருந்து எடுக்கட்டும். அவர்களுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு நூல் ஓடும்.

குடியிருப்பு இல்லாமல் இவை எதுவும் நிற்காது. காலியாகும் மாடி அறைகள் எல்லாம் பயணியர் தங்கும் அறைகளாக மாறுவதை நிறுத்துங்கள். அரசும் அறவாரியங்களும் சேர்ந்து பழுதுபார்க்கும் வீடுகளில், இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அவர்கள் சம்பளத்தில் தாங்கக்கூடிய வாடகையில் இடம் கொடுங்கள். மாலை ஏழு மணிக்கு ஷட்டர் விழுந்த பிறகு தெரு இருட்டிக் கிடப்பதை நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள். முன்பு அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் அஞ்சடியில் விளையாடுவார்கள். சைக்கிள் பிள்ளைகளின் படத்துக்கு முன்னால் நிஜப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினார்கள் என்று சொன்னால் இன்று வருகிறவர்கள் நம்புவார்களா?

2016-இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் எங்கள் தெருக்களுக்கான சட்டப் பத்திரம். அதைத் திருத்தும்போதெல்லாம் எந்தக் கதவில் எந்தத் தொழில் நடக்கிறது என்ற கணக்கை எடுத்து, ஒவ்வோர் ஆண்டும் மக்கள் பார்வைக்கு வையுங்கள். கட்டடத்தின் கதவு, சன்னல், ஓடு அனைத்தையும் எண்ணி வைத்திருக்கிறீர்கள். உள்ளே இருப்பவரையும் எண்ணுங்கள். கணக்கெடுக்க ஆள் போதாது என்றால் நாங்கள் வருகிறோம். எந்தக் கதவு எப்போது மூடியது, யார் எங்கே போனார் என்பது எங்களுக்கு மனப்பாடம்.

இந்தச் சாசனம் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்படுகிறது. கையெழுத்துப் பெற அஞ்சடியில் ஒரு மேசை போடப்படும். காந்தக் கடைக்காரர்களும் வந்து கையெழுத்திடலாம், அவர்களுக்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறோம். ஜூலை 7, பாரம்பரிய நாள் அன்று, மேடையும் விருந்தினரும் இருக்கும்போது இதைக் கொடுப்போம். பதில் பேச எங்களை அலுவலகத்துக்கு அழைக்கவேண்டாம். ஆர்மீனியன் தெருவுக்கே வாருங்கள், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த பிறகு, எல்லாரும் இருக்கும் நேரத்தில். நாற்காலி நாங்கள் போடுகிறோம்.