பொய்யுரைக்கும் கம்பியும் புகை குடிக்கும் தெருவும்

வன்னியின் தொழில்நுட்பச் சாதுரியத்துக்குச் சான்று தேடுவோர், 1990ஆம் ஆண்டின் பின்னரான பொருளாதாரத் தடைக்காலத்தையே முதலிற் சுட்டுவர். எரிபொருள் மறுக்கப்பட்ட அந்நாட்களில், சில துளி பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்ட என்ஜின்கள் பின்னர் மண்ணெண்ணெய்யில் ஓடின. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் நோயாளரைச் சுமந்தன. அத்திறன் போற்றற்குரியது. ஆனால் அதன் பெயரால், இன்றைய டீசல் லொறியின் உணரியை ஏமாற்றி வலுவேற்றுவதை நியாயப்படுத்த முனைவது வரலாற்றைத் திரிப்பதாகும்.

அவ்வேமாற்று யாது? புதிய டீசல் என்ஜினிலே, எரிபொருளின் அழுத்தத்தைச் சென்சர் எனப்படும் உணரி அளந்து, மின்னழுத்தமாகக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு அறிவிக்கிறது. இடையிலே ஒரு சிறு பெட்டியைப் பொருத்தி அச்சமிக்ஞையைக் குறைத்துவிட்டால், அழுத்தம் போதாதென நம்பும் கணினி அதனை மேலும் கூட்டுகிறது. எரிபொருள் மிகுதியாகப் பாய்கிறது. மணலேற்றிய லொறி இலகுவாக இழுக்கிறது. ஆனால் எரிபொருளுக்கு ஈடாகக் காற்றுக் கிடையாதபோது, அரைகுறையாக எரிந்த கரி கரும்புகையாக வெளியேறுகிறது. வெப்பம் மிகுந்து பிஸ்ரன் முதலிய உறுப்புகளும் நலிவடைகின்றன.

மண்ணெண்ணெய் என்ஜினும் புகைத்ததே எனச் சிலர் வாதிடுவர். புகைத்தது உண்மையே. எனினும் அன்று மாற்றுவழி இருக்கவில்லை. ஊர் முழுவதும் அப்பயணத்தின் பயனைப் பெற்றது. இன்றோ இலாபம் ஒருவருக்கு, புகை பலருக்கு. ஏ9 வீதியோரம் சைக்கிளிற் செல்லும் மாணவரும், தெருவோரக் கடைக்காரரும், ஏன், அதே லொறியின் சாரதியும் கிளீனருமே அதனைச் சுவாசிக்கின்றனர். டீசற் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இலேயே அறுதியிட்டுக் கூறியுள்ளது.

லீசிங் தவணை உரிமையாளரின் கழுத்தை நெரிக்கிறதென்பது மற்றொரு வாதம். அவ்விடர் மெய்யானது. ஆயின், கடன்காரனுக்குச் செலுத்தவேண்டியதை வழிப்போக்கரின் நுரையீரலிலிருந்து அறவிடுவது எந்த நீதி?

புகைப் பரிசோதனை இதனைத் தடுக்கும் என நம்பியிருத்தலும் பேதைமையே. இலங்கையில் 2008 முதல் அப்பரிசோதனை நடைமுறையில் உள்ளது. பெட்டியைக் கழற்றிவைத்துப் பரிசோதனைக்குச் சென்று, திரும்பியதும் பொருத்துவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? பரிசோதனை வேளையில் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளைப் பொருத்தியமைக்காக 2015இல் உலகின் முன் தலைகுனிந்தது வொக்ஸ்வாகன் நிறுவனம். அங்கே பெருமுதலாளி செய்த வஞ்சகம் இங்கே சிறு கராச்சில் நிகழ்ந்தால் மட்டும் சாதுரியமாகிவிடுமா?

கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் உண்டு. இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் உண்டு. எரிபொருள் பாய்ச்சிகளைப் பராமரித்தல், காற்று வடியைத் துப்புரவாக வைத்திருத்தல், அளவறிந்து சுமையேற்றல் ஆகிய நேர்மையான வழிகளை லொறிக்காரரிடமும் கராச் தொழிலாளரிடமும் கொண்டுசெல்லும் கடமை இத்தகைய நிறுவனங்களுக்குரியது. தடைக்காலத்து மெக்கானிக் என்ஜினின் இயல்பை அறிந்து அதனுடன் போராடினான்; கணினிக்குப் பொய்யுரைப்பவனோ என்ஜினையும் அறியான், அயலவனையும் மதியான். முன்னவனின் புகழைப் பின்னவனுக்குச் சூட்டுவது வன்னிக்குச் செய்யும் அவமரியாதையாகும்.