டாக்டர், ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டுல இந்த வருஷம் யாராவது காலேஜ் சேரப் போறாங்கன்னா கடைசி வரைக்கும் படிங்க. சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து கவுன்சிலிங் ஆரம்பிச்சதும் எங்க அரசு மருத்துவமனை ஓபிக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். காய்ச்சல் கிடையாது, இருமல் கிடையாது. கையில ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதுக்குள்ள காலேஜ் கொடுத்த ஒரு தாள். உயரம், எடை, கண் பார்வை, நிறப் பார்வை, ரத்த வகை. கீழே "உடல் தகுதி உள்ளவர் எனச் சான்றளிக்கிறேன்" என்று ஒரு வரி, என் சீல் வைக்க ஒரு இடம். "டாக்டர், ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, நாளைக்கு அட்மிஷன்."

சேரப் போற பிள்ளை பின்னாடி நிக்கும். பேர் என்னம்மான்னு அந்தப் பொண்ணைக் கேட்டா அப்பா பதில் சொல்வார். என்ன கோர்ஸ்? அப்பா. ஏதாவது மாத்திரை சாப்பிடறியா? அம்மா. பீரியட்ஸ் ஒழுங்கா வருதா? அதுக்கும் அம்மாதான். ஃபார்ம்ல கையெழுத்து தவிர எல்லாம் அப்பா கையெழுத்துல நிரப்பி இருக்கும். இன்னும் ரெண்டு வாரத்துல இந்தப் பொண்ணு 300 கிலோமீட்டர் தள்ளி ஒரு ஹாஸ்டல்ல தனியா இருக்கப் போகுது. அங்க யார் பதில் சொல்லுவாங்க?

என் குற்றச்சாட்டு இதுதான். நாம பிள்ளைகளைக் காலேஜ்ல சேர்க்கறது இல்ல, பார்சல் பண்றோம். பெற்றோர் கட்டறாங்க, பிரவுசிங் சென்டர்காரர் விலாசம் எழுதறார், டாக்டர் சீல் குத்தறார், காலேஜ் கையெழுத்து போட்டு வாங்கிக்குது. நடுவுல இருக்கற ஆளை யாரும் எதுவும் கேக்கறதே இல்ல.

அந்த டாக்டர்ல நானும் உண்டு. அதை முதல்ல சொல்லிடறேன்.

சில வருஷம் முன்னாடி, ஒரு ஜூலை மாசம். வரிசை வராண்டா தாண்டி நிக்குது. ஒரு பொண்ணோட ஃபார்ம்ல தலை நிமிராம கையெழுத்து போட்டேன். தீபாவளி நெருங்கற சமயம் அதே பொண்ணை ஹாஸ்டல் பாத்ரூம்ல மயங்கி விழுந்ததா கேஷுவால்டிக்குக் கொண்டு வந்தாங்க. ஹீமோகுளோபின் 5.4. வயசுக்கு வந்ததில இருந்தே மாசாமாசம் அளவுக்கு மீறின ரத்தப்போக்கு. "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன் சார்" என்றாள். கூட வந்த வார்டன் ரொம்பப் பொறுப்பானவங்க, அட்மிஷன் ஃபைலையே எடுத்துட்டு வந்திருந்தாங்க. அதுல முதல் தாள், உடல் தகுதிச் சான்று. கீழே என் சீல்.

கண்ணோட கீழ் இமையை விரலால இழுத்துப் பாக்க 5 வினாடி ஆகும். அந்த ஜூலை மாசமும் வெளுத்துத்தான் இருந்திருக்கும். ரத்தம் ஏத்தினோம், இரும்புச்சத்து கொடுத்தோம், மகப்பேறு பிரிவுல காட்டினோம், பொண்ணு தேறிட்டா. நான் தேற கொஞ்ச நாள் ஆச்சு.

இது ஏதோ அபூர்வ கேஸ் இல்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அப்படின்னா அந்த வரிசையில நின்ன பொண்ணுங்கள்ல எத்தனை பேருன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. ஒரு ஆரோக்கியமான 17 வயசுப் பிள்ளை தானா டாக்டர் முன்னாடி வந்து நிக்கற நாள் வருஷத்துல அது ஒண்ணுதான். அதை ஒரு சீலுக்காகச் செலவு பண்றோம்.

இதைவிட மோசமான ஒண்ணு இருக்கு. ஃபார்மை நீட்டிட்டு அப்பா காதோரமா வந்து, "சார், பையனுக்குச் சின்ன வயசுல இருந்து ஃபிட்ஸ் இருக்கு, மாத்திரை போய்ட்டு இருக்கு. அதை மட்டும் எழுதாதீங்க. ஹாஸ்டல் தர மாட்டேன்னுடுவாங்க" என்பார். அவரை நான் திட்ட மாட்டேன். அவர் பயம் நியாயமானது. வலிப்பு, டைப் 1 சர்க்கரை என்று எழுதினால் "வெளியில ரூம் பாத்துக்கங்க" என்று சொல்லும் நிர்வாகங்கள் இருக்கின்றன. ஆனா மறைச்சா என்ன ஆகும்? பையன் ரூம்மேட் முன்னாடி மாத்திரை போட வெக்கப்படுவான். ரெண்டு நாள் விடுவான். முதல் செமஸ்டருக்கு ராத்திரி முழுக்கக் கண் விழிச்சுப் படிப்பான். விட்ட மாத்திரையும் கெட்ட தூக்கமும் சேர்ந்தா வலிப்பு வரும், இது பாடப்புத்தகத்துல இருக்கற விஷயம். பக்கத்துல இருக்கற பசங்களுக்கு ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்னு தெரியாது, கையில சாவியைத் திணிப்பாங்க.

கல்லூரி நிர்வாகங்களே, உங்களுக்கு எதுக்கு "தகுதி உள்ளவர், இல்லாதவர்" என்ற ஒற்றை வரி? ராணுவத்துக்கா ஆள் எடுக்கறீங்க? பி.காம் படிக்க என்ன உடல் தகுதி வேணும்? உங்களுக்கு உண்மையில வேண்டியது வார்டன் கையில மட்டும் இருக்கற ஒரு தாள். இந்தப் பையனுக்கு என்ன நோய், என்ன மாத்திரை, அவசரத்துக்கு என்ன செய்யணும், யாரைக் கூப்பிடணும். அதைக் கேட்டா பெற்றோர் உண்மை சொல்லுவாங்க, ஏன்னா சொன்னா வெளியே அனுப்ப மாட்டீங்கன்னு நம்புவாங்க. இப்ப இருக்கற ஃபார்ம் பொய் சொல்லப் பழக்குது. பையனுக்கு அவன் கல்லூரி வாழ்க்கையில கத்துக்கொடுக்கற முதல் பாடம் அது.

அடுத்து ஓரியன்டேஷன்.

ஏஐசிடிஇ 2018 மாதிரிப் பாடத்திட்டத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு 3 வார அறிமுகப் பயிற்சி என்று எழுதி வைத்திருக்கிறது. யுஜிசியும் 2019-ல் 'தீக்ஷாரம்ப்' என்ற பெயரில் வழிகாட்டி வெளியிட்டது. எம்பிபிஎஸ்ஸில் 2019 பேட்ச்சிலிருந்து அடிப்படைப் பயிற்சி உண்டு. முதலுதவி, மன அழுத்தம், மொழி, கம்ப்யூட்டர் எல்லாம் அதில் வரும். (நாங்க சேர்ந்தப்போ இதெல்லாம் கிடையாது. நேரா டிசெக்ஷன் ஹால், ஃபார்மலின் வாசனை, அழுகை. சரி, அது வேற கதை.)

தாளில் எல்லாம் அருமை. நேர்ல என்ன நடக்குது? பல இடங்கள்ல அரை நாள். குத்துவிளக்கு, தாளாளர் உரை, ஒரு சின்னத்திரை பிரபலம், ப்ளேஸ்மென்ட் சம்பளம் போட்ட ஸ்லைடு, சாப்பாடு. முன் வரிசையில பெற்றோர், பின் வரிசையில மாணவர்கள். யாருக்காக நடத்தறீங்க இதை? பீஸ் கட்டினவங்களுக்கு நன்றி அறிவிப்பு விழாவா?

அந்த அரை நாள்ல சொல்லியிருக்க வேண்டியது எவ்வளவோ இருக்கு. கலை அறிவியல் காலேஜ்ல சேர்ந்த பையனுக்குப் பகுதி 1 மொழிப்பாடம், பகுதி 3 முதன்மைப்பாடம், பகுதி 4-ல என்.எம்.இ, இதெல்லாம் என்னன்னு யாரும் சொல்றது இல்ல. "ஃப்ரெஞ்ச் எடு, மார்க் அள்ளலாம்"னு சீனியர் சொல்லுவான். பன்னிரண்டு வருஷம் தமிழ் படிச்ச பிள்ளை அதை நம்பி மாறும். மாறினா பகுதி 4-ல சிறப்புத் தமிழ் எழுதணும், என்.எம்.இ வாய்ப்பு போயிடும்னு அப்புறம்தான் தெரியும். தனக்குப் பிடிச்ச வேற துறைப் பாடம் ஒண்ணை எடுக்க கிடைச்ச கதவு அது. இன்னும் சில இடங்கள்ல என்.எம்.இ பதிவு போன்லயே நடக்கும், சீட் இருக்கற வரைக்கும்தான். ஓடிபி எங்க போகும்? அப்பா நம்பருக்கு. அப்பா எங்க? லாரியில, ஆந்திரா பார்டர்ல.

பிரவுசிங் சென்டர்காரர் தன் மெயில் ஐடியையே கொடுத்து அப்ளை பண்ணின பிள்ளைங்களும் உண்டு. பாஸ்வேர்ட் அவர்கிட்ட. பொறியியல் கவுன்சிலிங்ல தற்காலிக ஒதுக்கீடு வந்தா உறுதி செய்ய 2 நாள்தான் அவகாசம். அன்னைக்குக் கடை லீவுன்னா? சாய்ஸ் வரிசையையே "பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார்"னு அப்பா போட்டிருப்பார். நாலு வருஷம் படிக்கப் போறவன் அந்த லிஸ்ட்டை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டான்.

புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள்ல மாசம் 1000 ரூபாய் வரணும். அரசுப் பள்ளியில 6 முதல் 12 வரை படிச்ச பிள்ளைங்களுக்கு அது பஸ் காசு, நோட்டு காசு, நாப்கின் காசு. ஆதார் இணைச்ச சொந்த வங்கிக் கணக்கு இல்லாம மாசக்கணக்கா தள்ளிப் போகுது. ஒரிஜினல் மார்க்ஷீட்டைக் காலேஜ் வெச்சுக்கக் கூடாதுன்னு 2018-லயே யுஜிசி சொல்லிடுச்சு. எத்தனை ஓரியன்டேஷன் மேடையில இதைச் சொல்றாங்க? ராகிங்னா 1800-180-5522, மனசு சரியில்லன்னா 14416. ரெண்டு நம்பரை எழுதிப் போட ஒரு ஸ்லைடு போதும். தாளாளர் போட்டோவுக்கு மூணு ஸ்லைடு இருக்கே.

இதெல்லாம் டாக்டருக்கு எதுக்குன்னு கேப்பீங்க. இவங்க மறுபடி என்கிட்டதான் வர்றாங்க சார். நவம்பர்லயும் ஏப்ரல்லயும். வருகைப்பதிவு 75 சதவீதம் வேணும், கொஞ்சம் குறைஞ்சா மருத்துவச் சான்று கொடுத்துச் சமாளிக்கலாம். "டாக்டர், டைபாய்டுன்னு 15 நாளுக்கு எழுதிக் கொடுங்க." அதே கையெழுத்து மட்டும்.

போன வருஷம் அப்படி ஒரு பையன், இந்த முறை தனியா வந்தான். உனக்கு டைபாய்டு வரலையே, எங்கடா போனேன்னு கேட்டேன். எங்கயும் போகல சார், பஸ் ஸ்டாண்ட்லயே உட்கார்ந்திருந்தேன் என்றான். தமிழ் மீடியம். முதல் வாரம் இங்கிலீஷ்ல நடத்தினது ஒண்ணும் புரியல. யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல. அவனுக்கு வழிகாட்டி ஆசிரியர் ஒருத்தர் பேர் எழுதியே இருந்தது, ஐடி கார்டுக்குப் பின்னாடி. அது எதுக்குன்னு அவனுக்குத் தெரியாது. பொய்ச் சான்று கொடுக்க மாட்டேன்னு சொன்னேன். காலேஜுக்குப் போன் போட்டு அந்த ஆசிரியர்கிட்ட அவனையே பேச வெச்சேன். ரெண்டு நிமிஷம் பேசினான், கை நடுங்குச்சு. அந்த செமஸ்டர் போயிடுச்சு. இப்ப படிக்கிறானா, நின்னுட்டானா, எனக்குத் தெரியாது.

"வீட்டுல எழுதப் படிக்கத் தெரிஞ்சது நான் ஒருத்தன்தான், நான் செய்யாம யார் செய்வாங்க"ன்னு ஒரு அப்பா கேட்டார். நியாயம். கூட இருங்க, வேண்டாம்னு சொல்லல. பேனாவை மட்டும் அவங்க கையில கொடுங்க. தப்பா எழுதினா அடிச்சு எழுதட்டும், ஃபார்ம் ஜெராக்ஸ் ரெண்டு ரூபாய்.

எங்க ஓபிக்கு வர்றவங்களுக்கு: அட்மிஷனுக்கு முந்தின நாள் வராதீங்க, ஒரு வாரம் முன்னாடி வாங்க. ஹீமோகுளோபின், ரத்த வகை இங்கேயே இலவசமா பாத்துடலாம். கண்ணாடி போடறவங்க அதைக் கொண்டு வாங்க. சாப்பிடற மாத்திரை அட்டையையும் கொண்டு வாங்க. ஃபார்மை நிரப்பாம வெறுமையா கொண்டு வாங்க. அப்பா அம்மா வெளியே பெஞ்சுல உட்காருங்க, அஞ்சு நிமிஷம்தான். பேனா நான் தரேன்.